ஆளுக்கொரு கரும்பு

போன செவ்வாய்க்கிழமை காலை, திருவண்ணாமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மூங்கில்துறைப்பட்டைத் தாண்டியதும் பஸ் நடக்க ஆரம்பித்துவிட்டது. ஆமாம், ஓடவில்லை... நடந்தது.

முன்னால் ஒரு காற்றாலை இறக்கை போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு இறக்கை! அதன் நீளத்துக்கு ஆறு டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்தலாம். அதைச் சுமந்த லாரிக்கு முன்னால் சிவப்புக் கொடி கட்டிய ஜீப். பின்னால், கையில் ரிமோட்டோடு நடந்தே வரும் ஓர் ஆள். லாரியின் பின் சக்கரங்களைத் திருப்புவது அவர்தானாம். பெரிய ரோட்டில் ஏதோ பாலம் தாங்காது என்று இந்த வழியாக அனுப்பியிருக்கிறார்கள்.

பஸ்ஸுக்குள் உடனே கருத்தரங்கம் தொடங்கிவிட்டது.

"ஏரோப்ளேன் ரெக்கைங்க அது" என்றார் ஒருவர்.

"இன்னாவா வேணா இருக்கட்டும். இம்மாஞ் சின்ன ரோட்ல இத்த எவன் வுட்டான்?" என்றார் இன்னொருவர்.

நான் சும்மா இருப்பேனா? வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கே புத்தி சொல்கிறவன் ஆயிற்றே! எழுந்து நின்று ஒரு சிற்றுரை ஆற்றினேன். பொறுப்பில்லாத கம்பெனி, ஊரான் ரோடு என்ற அலட்சியம், பொதுமக்கள் படும் பாடு... நாலைந்து பேர் தலையாட்டினார்கள். எனக்கு அது போதும்.

அடுத்த வளைவில் எல்லாமே நின்றுவிட்டது.

எதிரே, சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு டிரெய்லர். இரண்டு பக்கமும் கரும்பு பிதுங்கி ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. இதற்குச் சிவப்புக் கொடியும் கிடையாது, ஜீப்பும் கிடையாது. ஆனால் இதை எவன் விட்டான் என்று எங்கள் ஜில்லாவில் யாரும் கேட்க மாட்டோம். அது கரும்பு!

இறக்கை திரும்ப வேண்டுமானால் வளைவு முழுக்கக் காலியாக வேண்டும். டிராக்டர் பின்னால் போகலாமே? இரண்டு டிரெய்லரை மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தால் வண்டி மடங்கிக்கொள்ளும். சரி, லாரி பின்னால் போகலாமே? எப்படிப் போகும்? அதன் வாலில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பது எங்கள் பஸ். பக்கத்தில் ஒரு வேன். மிச்சமிருந்த இடுக்கில் எல்லாம் பைக்.

டிராக்டரை ஓட்டி வந்தவர் பெயர் ஏழுமலை. ஐம்பது வயதிருக்கும். கரும்பும் அவருடையதுதான்.

"நேத்து வெட்னதுங்க. இன்னிக்குக் கொண்டாரச் சொல்லித்தான் ஆலையில எனக்கு ஆர்டர். சாயங்காலத்துக்குள்ள ஆலை கேட்டுக்குள்ள போவலன்னா நாளைக்கின்னுவாங்க, நாளன்னிக்கின்னுவாங்க. அது பாட்டுக்கு வெயில்ல காஞ்சிகினே இருக்கும், எடை கம்மியாயிடும்" என்றார்.

பத்து மாதம் தண்ணீர் கட்டி வளர்த்தது. அவர் பதற்றம் எங்களுக்கும் புரிந்தது.

லாரி டிரைவர் சங்ககிரிக்காரர். பவ்யமாகப் பேசினார். "ஏனுங்கண்ணா, கரும்பை இறக்கிப்போட்டுட்டு, வெறும் வண்டியை ஓரத்துல இறக்கிக்கலாங்களா? மண்ணு ஈரமா இருக்குது. பாரத்தோட இறக்குனா கவுந்துக்குமுங்க."

ஏழுமலை தன் கரும்பைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இறக்கிடலாம். திருப்பி ஏத்தறது யாரு?"

"நாங்க இருக்கோம்!"

இப்படிக் கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்.

நம் மக்களை இந்த விஷயத்தில் குறை சொல்லவே முடியாது. நாற்பது பேர் இறங்கினோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும், முந்தானையைச் செருகிக்கொண்டும் வரிசையாக நின்று, கட்டுக் கட்டாகக் கைமாற்றி வயலோரம் அடுக்கினோம். ஒரு மணி நேரத்தில் இரண்டு டிரெய்லரும் காலி. எனக்கே கண் கலங்கியது.

டிராக்டர் ஓரம் இறங்க, இறக்கை நகர்ந்தது. ரிமோட்காரர் கூடவே நடக்க, அந்த வெள்ளை வால் வயலுக்கு மேலே அரைவட்டம் போட்டு, ஒரு பனை மட்டையைக்கூட உரசாமல் திரும்பியது. பலர் கை தட்டினோம். கை தட்ட முடியாதவர்கள் 'ஓ' போட்டார்கள். ஏன் தட்ட முடியவில்லை? கையில் கரும்பு!

யார் முதலில் உருவியது என்று தெரியவில்லை. வேலை செய்த களைப்புக்கு ஒன்று. வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்று. வேன்காரர் ஒரு கட்டையே ஏற்றிக்கொண்டார். நானும் ஒன்றை முழங்காலில் வைத்து உடைத்தேன். ஆலைக் கரும்பு, பல்லைப் பதம் பார்க்கும். இருந்தாலும் அப்படியொரு இனிப்பு!

அப்போது கண்டக்டர் விசில் அடித்தார்.

அவ்வளவுதான். எல்லாரும் ஓடி ஏறிவிட்டார்கள். கரும்புக் குவியலுக்குப் பக்கத்தில் ஏழுமலை மட்டும் நின்றார். மறைப்பானேன்... நானும்தான் ஏறிவிட்டேன். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து அடுத்த கணுவைக் கடிக்கப் போகும்போதுதான் வெளியே பார்த்தேன். ரோடு கொஞ்சம் அகலமான இடத்தில் லாரியை நிறுத்திவிட்டு, சங்ககிரிக்காரரும் ரிமோட்காரரும் ஜீப்பில் வந்த இருவரும் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார்கள். நான் திட்டித் தீர்த்தேனே, அதே பொறுப்பில்லாத ஆட்கள்! வந்தவர்கள் கரும்புக் கட்டைத் தூக்க ஆரம்பித்தார்கள்.

இறங்கினேன். பஸ் போய்விட்டது.

டிராக்டர் மறுபடி ரோட்டுக்கு ஏறியதும், ஆறு பேரும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஏற்றினோம். தோள் எரிந்தது. கழுத்தெல்லாம் காய்ந்த இலைச் சோகை அறுத்தது. முதல் டிரெய்லர் பழையபடி நிரம்பியது. இரண்டாவது ஒரு முழம் குறைந்தே நின்றது. அந்த முழம் கள்ளக்குறிச்சி வரைக்கும் ரோட்டில் சக்கையாகக் கிடந்திருக்கும். காற்றாலை இறக்கை உரசாமல் விட்ட கரும்பை நாங்கள் கடித்துத் துப்பியிருந்தோம்.

கல்வராயன் மலைப் பக்கம் வெயில் சாய ஆரம்பித்தது. சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஏழுமலை ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் டிராக்டரை ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு, லோடிலிருந்து நல்ல கரும்பாக ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார்.

"புடிங்க சார். முன்ன துன்னது நீங்களா எடுத்தது... இது நான் குடுக்கறது."