பட்டியலில் வளர்ந்த பிள்ளை

என் மூத்த மகள் எட்டு மாதத்தில் செத்துப்போனாள். கடதாசியில் அவள் அதற்குப் பிறகும் வளர்ந்தாள். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, அந்தத் தைரியம்தான்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரை ஆட்கள். தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கி, கடலை விட்டு உள்ளே உள்ளே வந்து, கனகராயன்குளத்துக்கு அப்பால் காடு வெட்டிப் போட்ட கொட்டில்களில் ஒதுங்கினோம். அப்போது மூத்தவளுக்கு ஆறு மாதம். வந்த கிழமையே நிவாரணத்துக்குப் பதிந்தார்கள். எங்கள் கிராம அலுவலரான விதானையார் கையால் எழுதிய தாளை ஒரு வெள்ளை வாகனம் வவுனியாவுக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு நிவாரண அலுவலகத்தில் கொம்பியூட்டர் இருந்ததாம். இரண்டு மாதம் கழித்து அதே வாகனம் வேறொரு தாளைக் கொண்டுவந்தது. இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளை போட்ட நீளத் தாள். அதில் என் மகளின் பெயர் அச்சில் இருந்தது. எங்கள் வீட்டில் யாருடைய பெயரும் அதற்கு முன் அச்சில் வந்ததில்லை. ஆனால் அந்தத் தாள் வந்து சேரும் முன்பே மலேரியா அவளைக் கொண்டுபோய்விட்டது.

வீட்டுக்காரர் போய் விதானையாரிடம் சொன்னார். விதானையார் இரக்கமுள்ளவர். பெயருக்கு மேல் பேனையால் ஒரு கோடு இழுத்தார்.

“என்ர தாளில வெட்டிப்போட்டன். வவுனியாவில வெட்டுறதெண்டா மரணப் பத்திரம் வைக்கோணும். பதிவாளர் எந்தக் காட்டுக்குள்ள இருக்கிறாரோ, ஆருக்குத் தெரியும்?” என்றார்.

அடுத்த தாள் வந்தபோது அவர் இழுத்த கோடு அதில் இல்லை. பெயர் மட்டும் புதிதாக, சுத்தமாக இருந்தது. திரும்பவும் வெட்டினார். திரும்பவும் வந்தது. மூன்றாம் முறை அவர் வெட்டவில்லை.

பெயருக்குப் பக்கத்தில் வயது போட்டிருப்பார்கள். ஒரு வருடம் இரண்டு மாதம். அடுத்த தாளில் ஒரு வருடம் ஐந்து மாதம். பிள்ளையைப் புதைத்த பிறகு மாதம் எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். அந்த மெஷின் விடவில்லை. விதானையாரின் கொட்டிலில் அந்தத் தாள் ஆணியில் தொங்கும். காற்றுக்கு அசையும். நான் அந்தப் பக்கம் போனால் குனிந்துகொண்டே போவேன்.

பிறகு எனக்கு இன்னொரு பெண் பிள்ளை பிறந்தது. எங்கள் கரையில் சில குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாதாவுக்கு நேர்ந்து பெயர் வைத்த பிள்ளை தவறிவிட்டால், அந்தப் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள். நேர்ந்த பெயரைத் தனியே விடக்கூடாது. நாங்களும் அப்படியே வைத்தோம். விதானையார் பிறப்பை எழுதி அனுப்பினார். வவுனியாவில் அது சேரவில்லை. அதே பெயர், அதே தாய், அதே தகப்பன். ஒரே பிள்ளையை இரண்டு தரம் எழுதிவிட்டார்கள் என்று மெஷின் தள்ளிவிட்டதாக வாகனக்காரர் வந்து சொன்னார்.

அந்த நேரம் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. நிவாரண அலுவலகத்தில் இருந்து புதிதாக வந்த ஒருவர் வீடு வீடாகப் போய்த் தாளைச் சரிபார்த்தார். பெயரை வாசித்து, “பெண் பிள்ளை ஒண்டு. சரியோ அம்மா?” என்று கேட்டார். என் கையில் குழந்தை இருந்தது. பெயர் அவளுடைய பெயர்தான். பின்னால் ஆட்கள் நின்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அவர் சரி போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சின்னவளுக்கு இரண்டு வயது கழிந்தபோது பிள்ளைகளை நிறுக்கத் தொடங்கினார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பெயர் வயதோடு அச்சடித்து வரும். நர்ஸ் மிஸ் ஒருவர் வருவா. முதிரை மரக் கிளையில் தராசைக் கட்டி, கால் விடத் துளை வைத்த துணிப்பையில் பிள்ளையை இருத்தித் தொங்கவிடுவா. பிள்ளைகள் வீரிட்டு அழும். என் மகள் அழவில்லை. கண்ணை விரித்துக்கொண்டு, கயிறு முறுகியபடி மெதுவாகச் சுழன்றாள்.

“இது நாலு வயசுப் பிள்ளையோ?” என்று மிஸ் கேட்டா.

நான் குனிந்துகொண்டேன். அடுத்த கொட்டிலில் இருந்தவள் மலைநாட்டில் இருந்து முன்னமே வந்து குடியேறி, கச்சான் கடலை பயிரிட்டுப் பிழைத்தவள். அவள்தான் முன்னால் வந்தாள்.

“எங்க அக்காவ பேச வைக்கணும்னா நெல்லு அவிக்கிற அண்டாவுல போட்டு அவிக்கணும் மிஸ். நான் சொல்றேன். இது ரெண்டு வயசுப் புள்ள. நாலு வயசு ஆகியிருக்க வேண்டியது செத்துப்போச்சு. ரெண்டுக்கும் ஒரே பேரு.”

“எனக்கும் கண் இருக்குத்தானே,” என்றா மிஸ். “வயசு இதில அடிச்சு வருது. எனக்கு எழுதக் கிடக்கிறது இந்த ஒரு பெட்டிதான். நிறை.”

“ஓரத்துல எழுதி விடுங்களேன்.”

“வேற ஒரு பிள்ளைக்கு எழுதிப் பாத்தனான். அங்க இருக்கிறவ பெட்டிக்குள்ள கிடக்கிறதைத்தான் மெஷினில அடிப்பா. ஓரத்தை அவ பாக்கிறேல்லை. இஞ்ச இருந்து போறது ஒரு தாள், அங்க இருந்து வாறது ஒரு தாள். ரெண்டும் சந்திச்சுக் கதைக்கிறேல்லை அம்மா.”

சின்னவளின் நிறையை மூத்தவளின் வயதுக்கு நேரே எழுதினா. வயதுக்கு எவ்வளவு நிறை வேண்டும் என்று காட்டும் அட்டையில் அது சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனது. அடுத்த முறையும் கீழே போனது. சின்னவள் தன் வயதுக்கு நன்றாகத்தான் வளர்ந்தாள். ஆனால் கோடு மூத்தவளுடையது. அது சின்னவளை விட்டு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. அடுத்து வந்த தாளில், “முன்னைய நிறை” என்ற இடத்தில் சின்னவளின் நிறை அச்சில் இருந்தது. மண்ணுக்குள் போனவளுக்கு இப்போது உடம்பும் வந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அவள் அதைச் சின்னவளிடம் இருந்துதான் எடுத்தாள்.

மூன்றாவது தாளில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது. விதானையார் வாசித்துச் சொன்னார். கடுமையாக மெலிந்த பிள்ளை. வவுனியாவில் ஒரு வார்டில் வைத்துச் சாப்பாடு கொடுத்துத் தேற்ற வேண்டும். அடுத்த நிறுவைக்குப் பிறகும் நட்சத்திரம் நின்றால் வாகனம் வந்து ஏற்றும். ராணுவக் கோட்டைத் தாண்டும் பாஸ் தாய்க்குக் கிடைக்காது, பிள்ளைக்கு மட்டும்தான்.

“எவ்வளவு நாளைக்கு?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“நாலு வயசுக்காரியின்ர நிறை வருமட்டும்,” என்றார் விதானையார்.

இரண்டரை வயதுப் பிள்ளை அந்த நிறைக்கு வர எத்தனை மாதம் செல்லும்? ராணுவக் கோட்டுக்கு அந்தப் பக்கம், அம்மா இல்லாமல், யாருக்கும் தெரியாத இடத்தில். பாதை பூட்டிவிட்டால் திரும்பி வருவாளோ என்பதே தெரியாது. அன்று நான் வாய் திறந்தேன்.

“ஐயா, மூத்தவள் செத்தது எண்டு எழுதி விடுங்கோ. எப்பிடியாவது எழுதுங்கோ.”

விதானையார் தாளை ஆணியில் இருந்து கழற்றி மடியில் வைத்தார்.

“எழுதலாம் பிள்ளை. பாதர் ஒருத்தர் கையெழுத்து வைச்சா ஒருவேளை எடுப்பினம். ஆனா அந்தப் பேரில ஒரு ஆள்தானே அங்க இருக்கு. அவ செத்தா உன்ர இவளும் செத்த மாதிரித்தான். பிறகு நான் இவளுக்குப் பதிவு போட்டா, செத்த பிள்ளையைத் திரும்ப எழுதுறன் எண்டு தள்ளும். பால்மாவும் இல்லை, பாஸும் இல்லை, நாளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை.”

மிஸ்ஸிடமும் போனோம். நிறையைக் கூட்டி எழுதச் சொல்லி வீட்டுக்காரர் மன்றாடினார். அவவுக்குக் கோபம் வந்தது.

“நான் பொய் எழுத மாட்டன். தராசு என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதுவன்,” என்றா.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னோடு வந்தது. கொட்டில் கூரையில் எங்கள் வலை தொங்கியது. வீட்டுக்காரர் கரையை விட்டு வரும்போது உரப்பையில் சுருட்டிக்கொண்டு வந்தது. வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டுகள் வரிசையாக இருந்தன. நான் கத்தியை எடுத்துக்கொண்டு போய் ஒன்றை அறுத்தேன். அவர் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்து குந்தி, அறுத்து அறுத்து என் மடியில் போட்டார்.

சின்னவளின் பெட்டிச்சட்டையின் அடிவிளிம்பை இரட்டையாக மடித்து, ஒவ்வொரு குண்டாக உள்ளே வைத்துத் தைத்தேன். ஒன்றோடு ஒன்று முட்டிச் சத்தம் வராமல் இடையில் பஞ்சு வைத்தேன். கோடு எந்த இடத்தில் நிற்கும் என்று மிஸ் முன்னமே காட்டியிருந்தா. அந்தக் கணக்குக்குத் தைக்கத் தைக்க, இது ஈயம் இல்லை என்ற எண்ணம் வந்தது. மூத்தவள் இருந்திருந்தால் சின்னவளை விட எவ்வளவு பாரமாக இருந்திருப்பாளோ அதில் ஒரு பங்குதான் என் மடியில் கிடக்கிறது. வெயில் நேரம். கொட்டிலுக்குள் குளிர்ந்தது.

சட்டையைப் போட்டுவிட்டதும் சின்னவள் ஓடவில்லை. ஓடித் திரிகிற பிள்ளை, காலை அகட்டி நிதானமாக அடி வைத்து நடந்தாள்.

“என்னாக்கா, புள்ள பெரிய மனுஷி கணக்கா நடக்குது!” என்று மலைநாட்டுக்காரி சிரித்தாள். கிட்ட வந்து விளிம்பைத் தொட்டாள். சிரிப்பு நின்றது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “நானே கொண்டுபோறேன். நீங்க வந்தா உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்,” என்றாள்.

நான் வேலி மறைவில் நின்று பார்த்தேன். பிள்ளை தராசில் தொங்கினாள். இந்த முறை கயிறு சுழலவில்லை. யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் நேராக நின்றது. மிஸ் முள்ளைப் பார்த்தா, பிள்ளையைப் பார்த்தா, திரும்பவும் முள்ளைப் பார்த்தா. பிறகு பெட்டிக்குள் எழுதினா. எழுதி முடித்துத் தூக்கி இறக்கும்போது அவவின் கை சட்டை விளிம்பில் ஒரு நொடி நின்றது. “அடுத்த பிள்ளை” என்றா.

வாகனம் வரும் நாளை விதானையார் அறிவித்தார். பட்டியலில் இருந்த எல்லாப் பிள்ளைகளையும் கொண்டுவரச் சொன்னார். அங்கேயும் நிறுத்துப் பார்ப்பார்களோ என்று பயந்து அதே சட்டையைப் போட்டேன். இரண்டு மாதம் போயிருந்ததால் இரண்டு குண்டு கூடத் தைத்தேன். கோடு அங்கேயே நிற்காது அல்லவா.

முற்பகல். வெள்ளை வாகனத்தின் பின் கதவு திறந்திருந்தது. உள்ளே நீளமாக இரண்டு இருக்கை. மிஸ் துளைத் தாளை விரித்து, ஏற்ற வேண்டிய பிள்ளைகளின் பெயரை வாசித்தா. முதல் பெயருக்கு ஒரு தாய் குழறி அழுதாள். இரண்டாம் பெயருக்குரிய பிள்ளை உண்மையாகவே எலும்பாக இருந்தது. அதன் தகப்பன் தூக்கிக் கொடுத்தார். மூன்றாவது பெயர். நாலாவது. பிறகு மிஸ் தாளை மடித்தா. எங்கள் பெயர் இல்லை. நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னும் ஒண்டு கிடக்கு,” என்று சொல்லி மிஸ் அடுத்த தாளை எடுத்தா. “இவை தேறின பிள்ளையள். இவைக்கு இனி வார்டு தேவையில்லை.”

அதில் முதல் பெயர் என் மகளுடையது. வயது நாலு வருடம் ஒன்பது மாதம் என்று வாசித்தா.

பெயரைக் கேட்டதும் சின்னவள் என் கையை உதறிவிட்டாள். “நான்! நான்தான்!” என்று கத்திக்கொண்டு போனாள். ஓட முடியவில்லை. விளிம்பு காலில் அடிக்க அடிக்க, புழுதியில் நிதானமாக நடந்து மிஸ்ஸிடம் போனாள். கூட்டம் வழி விட்டது. வாகனக்காரர் சிரித்து, “வடிவாத் தேறியிருக்கிறா,” என்றார். மிஸ் குனிந்து பிள்ளையின் தலையைத் தடவினா. என் பக்கம் பார்க்கவில்லை. பெயருக்கு நேரே சரி போட்டா.

வீட்டுக்குப் போகும் பாதையில் பாதித் தூரத்திலேயே சின்னவள் களைத்துவிட்டாள்.

“அம்மா, தூக்கு.”

சட்டையைக் கழற்றலாம் என்று பார்த்தேன். பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வேலி வரும்வரைக்கும் அந்தப் பாரத்தோடுதான் நடந்தேன். வழியில் ஒரு இடத்திலும் இறக்கவில்லை.