மல்வேர்னில் மொட்டையாய் நின்ற மரம்

மரத்தின் மேலே கயிற்றில் தொங்கியபடி, மரம் அறுக்கும் செயின்சோவை ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் குனிந்தபோதுதான் அந்தக் குழியைப் பார்த்தேன். கிளை தண்டோடு சேரும் இடத்துக்குக் கீழே, மனிதருக்கு இருப்பதைப்போலவே ஓர் அக்குள். ஒவ்வொரு கிளைக்கும் ஒன்று. மரம் வெட்டும் தொழிலில் எத்தனையோ வருடம் கயிற்றில் தொங்கியவன் நான். அன்றைக்கு மயிர் கூச்செறிந்தது. கையுறையைக் கழற்றி உள்ளே கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. மார்ச் மாத வெயில்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு செயின்சோவை நிறுத்தினேன்.

நகர நடுவில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பிலேயே காலம் தள்ளிய ஒரு தம்பதி, முந்தைய கோடையில்தான் மல்வேர்னில் அந்த வீட்டை வாங்கியிருந்தார்கள். நவம்பரில் அந்த வீட்டு அங்கிள் பின்வளவில், அந்த மரத்தடியிலேயே விழுந்தார். மூளையில் இரத்தக்கசிவு. அந்தக் கிழமைக்குள்ளேயே மரமும் இலை முழுவதையும் கொட்டிவிட்டது. கிறிஸ்மஸ் மரச் சாதி எங்கேயாவது மொட்டையாகுமா? செத்துப்போயிற்று என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள். அங்கிள் மார்ச்சிலும் கண் திறக்காமல், ஹொஸ்பிற்றலில் மெசினில் மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தார். என்னைக் கூப்பிட்டது அவர்களின் மகள் தாரணி.

"அண்ணை, ப்ளீஸ், வெட்டி விடுங்கோ. அம்மா விடிஞ்சா பொழுதுபட்டா உந்த மரத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறா. எனக்கே பயமா, கிறீப்பியா இருக்கு."

மேலேயிருந்து பார்த்தேன். சமையலறை ஜன்னலில் தாரணியின் அம்மா, அன்ரியின் முகம். என்னை அல்ல, என் கை இருந்த குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி, ஒரு சுள்ளியை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை. இது டோன் ரெட்வூட் மரம்! ஊசியிலை மரம்தான், ஆனாலும் குளிர்காலம் முழுக்க மொட்டையாய் நிற்கும். அதற்குள் அன்ரி செருப்பில்லாமல் பனிக்குள் வந்துவிட்டார்.

"தம்பி, உயிர் இருக்கோ?"

"ஓம் அன்ரி, பச்சையைப் பாருங்கோ. கல்லிலை பதிஞ்ச அச்சைப் பாத்து, இந்தச் சாதியே இப்ப இல்லையெண்டு படிச்ச ஆக்களே கைவிட்ட மரம். பிறகு பாத்தா சீனாவிலை உயிரோடை நிண்டது. மே மாசம் துளிர்க்கும்."

எனக்கு வாய் சும்மா கிடக்காது. மெசினை நிறுத்துவதா என்று டொக்டர்கள் கேட்டிருந்ததும், அன்று பின்னேரம் அன்ரி பதில் சொல்ல இருந்ததும் அப்போது எனக்குத் தெரியாது.

"அப்ப மே வரைக்கும் பொறுப்பம்," என்றார் அன்ரி. தாரணி அழத் தொடங்கினாள்.

மே மாதம் அன்ரியே போன் எடுத்தார். "துளிர்த்திட்டுது தம்பி. அவர் எழும்பேல்லை. நீங்கள் ஒருக்கா ஹொஸ்பிற்றலுக்கு வந்து பாத்துச் சொல்லுங்கோ."

மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. போனேன். அங்கிளின் உள்ளங்கையில் அன்ரி ஓர் இளந்துளிரை வைத்திருந்தார். மெசின் தள்ளும் காற்றுக்கு நெஞ்சு மட்டும் எழுந்து தாழ்ந்தது. அன்ரி அவருடைய சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டி, அந்தக் கையை என் பக்கம் நீட்டினார்.

"மரத்தைச் சுரண்டினமாதிரி ஒருக்காச் சுரண்டிப் பாருங்கோ."

அந்தக் கையைத் தொடாமல் என் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பயமா துக்கமா என்று பிரித்தறிய முடியவில்லை.

"எனக்கு மரம்தான் தெரியும் அன்ரி."

அன்ரி என் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்துவிட்டு, அருகில் நின்ற மகளிடம் திரும்பினார்.

"டொக்டரை வரச் சொல்லு பிள்ளை. அவை கேட்டதுக்குப் பதில் சொல்லுவம்."

இப்போதெல்லாம் எந்த வீட்டு வளவுக்குப் போனாலும், மரத்தை அண்ணாந்து பார்க்குமுன் வீட்டில் ஆருக்கும் சுகமில்லையோ என்று கேட்பேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கேட்காமல் நான் கயிறு கட்டுவதில்லை.