எட்டிப்பழமும் ஏரிக்கரைப் புதரும்

பொங்கல் விடுமுறை முடிந்த ஞாயிறன்று சூரைப்பழம் பறிக்கப் படப்பைப் பக்கம் போனோம். நாவலூர் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் நஸ்ரீனுக்கு அந்தப் புளிப்பு என்றால் உயிர். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் சுமார் பதினைந்து கிலோமீட்டர். இறங்கி ஏரிக்கரையோடு இரண்டு கிலோமீட்டர் நடந்தால் புதர்க்காடு. காலை ஏழு மணிக்கும் பனி விலகவில்லை.

சூரையை அடையாளம் காண்பது சுலபம். வளைந்த முள், பட்டாணி அளவில் கறுத்துப் பளபளக்கும் பழம், உள்ளே ஒரே கொட்டை. ஆளுக்கொரு கைப்பிடி தின்றுவிட்டு நடந்தபோது, சின்னக் கமலாப்பழம் போலக் காய்த்துத் தொங்கிய மரமொன்றைப் பார்த்தோம். இலையின் அடியிலிருந்து நுனிவரை ஓடும் நரம்புகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எட்டி. கொட்டை முழுக்க விஷம்.

மரத்தடியில் கடித்துப் போட்ட பழம் ஒன்று கிடந்தது. பல் பதிந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

"யாராச்சும் இருக்கீங்களா?" என்று நஸ்ரீன் கூப்பிட்டாள். பத்தடி தள்ளி ஒரு புதர் உதறிக்கொண்டது. நானும் கூப்பிட்டேன். மறுபடி உதறியது. எங்கள் குரலுக்கு மட்டும்தான் அது அசைகிறது என்று புரிந்ததும் சுற்றிப் போய்ப் பார்த்தேன்.

புதருக்குப் பின்னால் ஓர் இளைஞன், முதுகு வில்லாக வளைந்து கிடந்தான். தாடை இறுகி, சிரிப்பது போலிருந்தது முகம். கண்ணில் மட்டும் முழு நினைவு. இழுப்பு தளர்ந்ததும் பல்லிடுக்கில் பேசினான்.

"கத்தாதீங்கக்கா. சத்தம் கேட்டா இழுக்குது."

காட்டாங்குளத்தூரில் படிக்கிறவனாம். தனியாக வந்தவன், காட்டுப்பழம் என்று கொட்டையையும் மென்றிருக்கிறான். நஸ்ரீன் தூரப் போய் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக் கிசுகிசுத்தாள், சைரன் வேண்டாமென்றும் சொன்னாள். நான் அவனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். மேலே விமானம் போனது, அவன் வளைந்தான். ஒரு மைனா கத்தியது, மறுபடி வளைந்தான். அதன்பின் மூச்சு விடவே பயந்தேன்.

பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சொன்னான்: "நீங்க கூப்பிடக் கூப்பிட உயிர் போச்சு. கூப்பிடாம போயிடுவீங்களோன்னு அதைவிட பயமா இருந்துச்சு."

பழம் தேடிப் போகிறவர்களுக்கு: நூறு சதவீதம் தெரியாத எதையும் வாயில் வைக்காதீர்கள். பறவை தின்பது நமக்கும் ஆகும் என்று நம்பாதீர்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், மிச்சப் பழத்தோடு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள். அந்தக் காலை நாங்கள் வேறு பாதையில் திரும்பியிருந்தால், அவனைக் கூப்பிட அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.