ஆகஸ்டில் வாங்கிய டி.சி.

போன வருடம் ஜூன் மாதத்தில் எங்கள் மகளை ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து, சேலத்தில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தோம். இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்றுதான் வெளியே சொல்வோம். உண்மையில் என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டார், நான் தடுக்கவில்லை. எட்டாம் வகுப்பில் அவள் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். மலைக்குக் கீழே சேலத்தில் பெரிய பள்ளிக்கூடம், தனித்தனி சோதனைக்கூடம், பாடத்துக்கு ஒரு டீச்சர். மேலேயே இருந்தால் இந்தக் கடையைத் தாண்டி அவளுக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்டார்.

எங்களுக்கு ஏரிக்குப் போகிற சாலையில் கடை. மிளகு, காப்பித்தூள், தைலம், கம்பளித் தொப்பி என்று சுற்றுலா வருகிறவர்கள் வாங்கும் சாமான்கள். சனி, ஞாயிறில் நிற்க நேரம் இருக்காது. மற்ற நாட்களில் உட்கார்ந்தே இடுப்பு வலிக்கும்.

பள்ளி திறந்ததும் எங்கள் வீட்டின் நேரமே மாறிப்போனது. நான் நாலு மணிக்கு எழுந்துகொள்வேன். சோறு பொங்கி, பொரியல் செய்து, டப்பாவில் அடைத்து முடிக்கும்போது பள்ளிவாசலில் சுபுஹு பாங்கு கேட்கும். தொழுதுவிட்டு அவளை எழுப்புவேன். மூன்று முறை எழுப்ப வேண்டும். ஆறு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அவள் விட்டுப்போன போர்வையை மடிக்கும்போதே எனக்கு அன்றைய நாள் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். சாயங்காலம் ஆறரைக்கு அவள் திரும்புவாள். வந்ததும் படுத்துவிடுவாள். சாப்பிட எழுப்ப வேண்டும், படிக்க எழுப்ப வேண்டும். அந்த மூன்று மாதமும் நான் அவளோடு பேசியதைவிட அவளை எழுப்பியதுதான் அதிகம்.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது பழகியிருக்கும் என்று நினைப்பார்கள். அவளுக்குப் பழகவில்லை. இருபதிலிருந்து எண்ணிக்கொண்டு இறங்கினால் பதினாறாம் வளைவில் வயிறு புரட்ட ஆரம்பிக்கும் என்று அவளே சொல்வாள். கண்டக்டர் நல்ல மனிதர். முன்சீட்டு ஜன்னலோரத்தை அவளுக்கென்று பிடித்து வைத்திருப்பார். "நீங்க போங்கம்மா, பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்று கைநிறையப் பாலிதீன் பையை எடுத்துக் காட்டுவார். புளிப்பு மிட்டாய், எலுமிச்சம்பழம், இஞ்சி, டாக்டர் கொடுத்த மாத்திரை என்று எல்லாம் பார்த்தோம். மாத்திரை வாந்தியை நிறுத்தியது, ஆனால் மத்தியானம் வரை தூக்கத்தைக் கொடுத்தது.

ஜூலை கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் ஆகியும் விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் பாத்ரூமில் அழுதுகொண்டு நின்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நீர்க்கடுப்பு என்றார் டாக்டரம்மா.

"ஏம்மா, இந்தப் பொண்ணு தண்ணியே குடிக்கறதில்லையா?"

"தினமும் பாட்டில் குடுத்துதானுங்க உடறேன்" என்றேன்.

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. பாட்டில் தினமும் நிறைந்தேதான் திரும்பி வந்தது. கிளம்பும்போது பள்ளிக்கூடத்துக் குழாயில் பிடித்து வருகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"குடிச்சா பஸ்ல வெளிய வந்துருதும்மா. அதான் குடிக்கறதில்ல."

"காலைலதானே கண்ணு?"

"சாயங்காலமும்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எதையும் தொடமாட்டேன்."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்று மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவளிடம், "பழைய ஸ்கூலுக்கே போயிரலாமா கண்ணு?" என்று கேட்டேன். உடனே சரி என்பாள் என்றுதான் நினைத்தேன்.

"வேண்டாம்" என்றாள்.

"ஏன் சாமி? இவ்வளவு செரமப்படறயே."

"அங்க என்னை யாருக்கும் தெரியாதும்மா. இங்க அப்படியா? எல்லா டீச்சரும் நம்ம கடைக்குத்தான் வர்றாங்க. கிளாஸ்ல நான் தும்முனாக்கூட சாயங்காலம் அத்தா காதுக்கு வந்துருது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. தைலம் வாங்க வருகிற டீச்சர்கள் கல்லாவில் அவள் அப்பாவிடம், "உங்க பொண்ணு இன்னிக்கு வாயடிச்சா" என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் எனக்குச் சாதாரணப் பேச்சு. பதின்மூன்று வயதில் அவள் அதை எட்டு வருடமாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

காய்ச்சல் விட்ட பிறகு நான் தனியாகச் சேலத்துக்குப் போய் அவளுடைய வகுப்பு டீச்சரைப் பார்த்தேன். சின்ன வயதுக்காரர். கையில் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு. வராந்தாவிலேயே நின்று பேசினோம்.

"முதல் பீரியட் தூங்குவாளுங்க. நான் எழுப்பறதில்லீங்க" என்றார். "எந்திரிச்சதுக்கு அப்புறம் கேள்வி கேப்பா பாருங்க, கிளாஸே முழிச்சுக்கும். இந்த ஊர்லயே இருந்து படிச்சா நொம்ப நல்லா வருவா."

அதற்கு வழி இருந்ததா என்றால், இல்லை. சேலத்தில் என் நாத்தனார் வீடு உண்டு. இரண்டு அறையில் ஆறு பேர் இருக்கிறார்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்பதாலேயே கேட்கவில்லை. ஹாஸ்டல் என்ற சொல்லை எடுத்தாலே என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார்.

"நான் என்ன பண்ணட்டுங்க?" என்று அந்தச் சின்னப் பெண்ணிடமே கேட்டேன்.

அவர் நோட்டுக் கட்டைக் கை மாற்றிக்கொண்டார். "எனக்குக் கொழந்த இல்லீங்க. இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பனோ தெரியல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரிடம் பேச்சை எடுத்தேன். அவர் கம்பளித் தொப்பிகளைக் கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அவள மேலயே சேத்திரலாமா?"

"ஸ்கூல் தொறந்து ரெண்டு மாசம் ஆச்சு. எம்பொண்ணு கீழ படிக்கறான்னு எல்லாருகிட்டயும் சொல்லியாச்சு. வந்து கேக்கறவங்களுக்கு என்ன சொல்றது?"

"ஒடம்பு முடியலைன்னு சொல்லுங்க."

"பொட்டப்புள்ளைக்கு ஒடம்பு முடியலைன்னா ஊரு வேற என்னென்னமோ கேக்கும்." கடைசித் தொப்பியை மாட்டிவிட்டு, "நீயே முடிவு பண்ணிக்க" என்றார்.

நீயே முடிவு பண்ணிக்க என்பதில் எனக்குக் கொடுக்கப்பட்டது முடிவு அல்ல, பின்னால் வரப்போகிற பழி. அது தெரிந்தும் எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. கூட்டம் வந்துவிட்டது.

மறுநாள் பழைய பள்ளியின் தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன். மே மாதம் டி.சி. வாங்கப் போனபோது, அவசரப்படாதீங்க என்று சொன்னவர் அவர். அதைச் சொல்லிக் காட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். சொல்லிக் காட்டவில்லை. உட்காரச் சொன்னார்.

"சீட்டு இருக்குதுங்க. ஆனா ஒன்னு, மறைக்காமச் சொல்லிர்றேன். ஒம்பதாவதுக்குக் கணக்கு டீச்சர் இல்லீங்க. மாத்தல்ல போனவங்க எடத்துக்கு இன்னும் ஆள் வரல. நானேதான் எடுக்கறேன். நான் தமிழ் படிச்சவ."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, "யோசிச்சுச் சொல்லுங்க. காலாண்டுப் பரீட்சைக்கு முந்தி வந்துட்டா நல்லது" என்றார்.

நான் யோசித்தேன். கீழே கணக்கு டீச்சர் உண்டு, தண்ணீர் இல்லை. மேலே தண்ணீர் உண்டு, கணக்கு டீச்சர் இல்லை. இப்படியே பாத்திரம் கழுவும்போதும், மிளகு நிறுக்கும்போதும், தொழுகையில் நிற்கும்போதும் மனதில் ஓடியது. அவளுக்காக யோசிக்கிறேனா, நாலு மணிக்கு எழ முடியாத எனக்காக யோசிக்கிறேனா என்றும் ஒரு சந்தேகம். இன்றுவரை அந்தச் சந்தேகம் தீரவில்லை. இரண்டும் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை மத்தியானம் மலைப்பாதையில் மண் சரிந்து, பஸ்களைக் குப்பனூர் வழியாகச் சுற்றி விட்டார்கள். செய்தி கடைவீதிக்கு வந்ததும் நான் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸாக வந்தது. அவள் இல்லை. எட்டு மணி வாக்கில் வந்த பஸ்ஸிலிருந்து கடைசி ஆளாக இறங்கினாள். தலை முதல் கால்வரை நனைந்திருந்தாள். கீழே பஸ் கிடைக்காமல் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறாள்.

"பாத்ரூம் போனயா கண்ணு?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று.

கடைக்குக் கூட்டிவந்து, துடைக்கத் துண்டு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் காப்பிக்கொட்டை மூட்டைமேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். தோளிலிருந்து பையைக்கூடக் கழற்றவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். மெதுவாகப் பையின் வாரை அவள் தோளிலிருந்து விடுவித்தார். அப்போதுதான் முடிவு செய்தேன். யோசித்து எடுத்தது என்று சொல்ல மாட்டேன். இதற்குமேல் என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் டி.சி. வாங்க அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பத்து மணிக்கே கையில் கொடுத்துவிட்டார்கள். கிளம்பலாம் என்றேன்.

"சாயங்காலம் வரைக்கும் கிளாஸ்ல இருந்துட்டு வர்றேம்மா" என்றாள்.

பெயர் வெட்டிய பிறகு எப்படி உட்கார விடுவார்கள் என்று தயங்கினேன். வகுப்பு டீச்சர் "வரட்டுங்க" என்று அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனார். நான் வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சில் மாலை நாலேகால் வரை உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதத்தில் கடையும் அடுப்பும் இல்லாமல் நான் சும்மா உட்கார்ந்த ஒரே நாள் அது. மடியில் டி.சி. இருந்த கவர். மணி அடித்ததும் கூட்டத்தோடு வந்தாள். அழுத முகம் இல்லை, சிரித்த முகமும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் புரோட்டா கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். முழுதாகச் சாப்பிட்டாள், இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இருபது வளைவுகளிலும் ஒரு தடவைகூட அவளுக்குக் குமட்டவில்லை.

நான் கவரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தே இருந்தேன். தப்புச் செய்துவிட்டேனோ என்று அன்று நினைத்ததுபோல என் வாழ்நாளில் எதற்கும் நினைத்ததில்லை. பழகத்தான் மூன்று மாதம் ஆனதா? இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் போதுமா? யாரிடம் கேட்க?

மேலே சேர்ந்த பிறகு பதினோரு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. "அத்தா, அம்மாவச் சோறு போடச் சொல்லுங்க" என்பாள், நான் எதிரில் நிற்கும்போதே. கடைக்கு வந்தவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். வாழவந்தியிலிருந்து வாரா வாரம் மிளகு கொண்டுவரும் பெரியவர்தான் முதலில் கேட்டார், "ஏனுங்க பாய், பாப்பா கீழதானே படிச்சுது?" என்று. நான் உள்ளே முந்திரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"எங்களுக்குத்தானுங்க புள்ளைய உட்டுட்டு இருக்க முடியல" என்றார் என் வீட்டுக்காரர்.

கேட்ட அத்தனை பேரிடமும் அதையேதான் சொன்னார். அவளுக்கு உடம்பு முடியவில்லை என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அது எனக்காகவா, அவளுக்காகவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அன்று இரண்டு தம்ளர் டீ போட்டு, ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கணக்கு டீச்சர் பொங்கலுக்குப் பிறகுதான் வந்தார். அதற்குள் அரையாண்டில் கணக்கில் அவளுக்கு மார்க் நன்றாக இறங்கியிருந்தது. பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். முழுப் பரீட்சையில் கொஞ்சம் ஏறியது. சதை பிடித்திருக்கிறாள். சாயங்காலம் ஏரிப்பக்கம் தோழிகளோடு நடந்துவிட்டு வருகிறாள். கோபம் வந்தால் மட்டும், "அங்கயே இருந்திருந்தா" என்று தொடங்கி முடிக்காமல் விடுவாள். நானும் அதை முடித்துக் கேட்டதில்லை.

இப்போது பத்தாம் வகுப்பு. போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது, பதினொன்றுக்குக் கீழேதான் போவேன், ஹாஸ்டலில் தங்கிக்கொள்வேன் என்று அறிவித்தாள். மூன்று ஹாஸ்டல்களுக்குப் போன் போட்டு, சாப்பாடு, குளியலறை எல்லாம் விசாரித்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போகவில்லை. தாளை வாங்கி, கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"பாக்கலாம்" என்றேன்.

"பாக்கலாம்னா என்னம்மா அர்த்தம்? சரியா, வேண்டாமா?"

"பாக்கலாம்னாப் பாக்கலாம்தான் கண்ணு. சோறு ஆறுது, சாப்பிடு."