டஸ்டி தூங்குறா

டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில், மழை ஓயாத அந்தச் சுரங்க ஊரின் வானொலியில் வெர்னா டாக்கின்ஸ் பத்தொன்பது வருடமாகச் சாவுச் செய்தி வாசிக்கிறாள். சம்பளம் கிடையாது. தினமும் காலை எட்டரைக்குப் பெயர், வயது, அடக்கம் என்றைக்கு, எந்தச் சர்ச் என்று வாசிப்பாள். ஒரு சொல் கூட்டமாட்டாள், ஒரு சொல் குறைக்கமாட்டாள். வெர்னா சொல்லிவிட்டால் ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம்.

ஒரு குளிர்காலத்தில் ஒற்றைக் காதுப் பூனை ஒன்று ஒலிபரப்பு அறைக்குள் வந்து ஒண்டிக்கொண்டது. யாரோ ஒரு சுரங்கக்காரரின் அடக்கத்தை அவள் வாசித்து முடித்ததும் மைக்கருகே ஒரு மியாவ். வீட்டில் வானொலி முன் அழுதுகொண்டிருந்த அவருடைய விதவையே சிரித்துவிட்டாளாம். அதற்கப்புறம் விடுவார்களா? டஸ்டி என்று பெயர் வைத்து, தினமும் வாசிப்பு முடிந்ததும் அதன் மியாவை ஒலிபரப்பி, கோப்பையிலும் பனியனிலும் படம் போட்டார்கள். சாம்பல் நிறம் எடுப்பாக இல்லையென்று படத்தில் ஆரஞ்சு பூசினார்கள். போன காது முளைத்தது, தலையில் ஹெட்போன் ஏறியது. அசல் பூனைக்கு அதே பழைய கம்பளித் துண்டுதான், வெர்னா போடும் மீன்தான்.

இந்த ஜூன் மாதம் டஸ்டி சாப்பிடுவதை நிறுத்தியது. ஒரு காலையில் கம்பளியிலேயே விறைத்துக் கிடந்தது. வெர்னாவே நிலையத்தின் பின்னால் குழி தோண்டிப் புதைத்தாள். பிறகு, மற்றவர்களுக்கு எழுதுவதைப் போலவே நாலு வரி எழுதினாள்.

நிலையக் கமிட்டியின் தலைவர் காலின் பிரிவெட் தாளைப் பிடுங்காத குறை. "இப்போ வேண்டாம் வெர்னா. சந்தா சேர்க்கிற மாசம். பனியன் பூரா பூனை. பழைய மியாவ் பதிவா இருக்கு, அதைப் போட்டுக்கலாம்."

"அது பொய்யில்லையா?"

"பூனைக்குப் போய் பொய்யென்ன, நிஜமென்ன!"

தலையாட்டிவிட்டாள்; மறுநாளிலிருந்து வாசித்து முடித்ததும் பதிவு மியாவுக்கான பொத்தானை அழுத்தினாள். அதுதான் அவள் செய்த தப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு பொத்தான் போதுமென்று நினைத்த கமிட்டியை என்ன சொல்ல!

மலையோரத்தில் தனியாக இருக்கும் கிழவர் ஆல்ஃப் ரிக்பி தினமும் ஒன்பது மணிக்குப் போன் பண்ணுவார்.

"டஸ்டி எப்படி இருக்கா?"

"தூங்குறா ஆல்ஃப்."

"சோம்பேறிக் கழுதை! மீன் போட்டியா?"

"போட்டேன்."

மற்ற சாவுகளை வாசிக்கும்போதுகூட வெர்னாவுக்குத் தன் குரலைத் தானே நம்ப முடியவில்லை. ஆறாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, இரண்டு பெயர்களுக்குப் பிறகு மூன்றாவதாக வாசித்தாள்: "டஸ்டி. வயது சுமார் பதினொன்று. ஜூன் ஒன்பதாம் தேதி காலமானாள். அடக்கம் முடிந்துவிட்டது." மியாவ் பொத்தானை அழுத்தவில்லை.

ஒன்பது மணிக்கு ஆல்ஃப் கூப்பிட்டார்.

"மன்னிச்சிடு ஆல்ஃப். ஆறு வாரமா உன்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும். தினம் ஒரே மியாவ். எனக்குக் கண்ணுதான் மங்கல், காது இல்ல."

"தெரிஞ்சுமா கேட்டே?"

ஆல்ஃப் இருமினார். "என் பொண்டாட்டி டோரீன் செத்ததையும் நீதான் வாசிச்சே. ரேடியோ முன்னாடி உக்காந்துக்கிட்டு, நீ ஒரே ஒரு தடவை பொய் சொல்லக் கூடாதான்னு இருந்துச்சு எனக்கு. இப்ப தினம் ஒரு தடவை சொன்னே. கேக்க நல்லா இருந்துச்சு." மறுபடி இருமினார். "சரி, வச்சிடறேன்."

மறுநாள் ஒன்பது மணிக்கு வெர்னா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பத்து மணிவரை போன் அடிக்கவில்லை; எழுந்து வீட்டுக்குப் போனாள்.