கோட்டைத் தாண்டாத ஆள்

எங்கள் ஊர்க் கபடி ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு கேள்வி வரும். குறிப்பைப் படித்து, பழைய ஆட்டக்காரரின் பெயரைச் சொல்ல வேண்டும். இன்றைய குறிப்பு: ‘இறுதி ஆட்டத்தில் ரெய்டு போகாமல் கோட்டிலேயே நின்றவர்.’

“பயந்தாங்கொள்ளி செல்வம்தானே?” என்று ஒருவன் எழுதினான். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன.

செல்வம் என் அண்ணன். போன வருஷம் இறந்துவிட்டான். அந்த வார்த்தையைப் படித்ததும் எனக்கு வேப்பெண்ணெய் வாசம் வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆட்டத்தன்று காலையில் வானம் கறுத்திருந்தது. அண்ணன் வேலை செய்த உப்பளத்தின் முதலாளிதான் டீமுக்கும் தலைவர். “மழைக்கு முன்னால உப்ப வாரி கரையில ஏத்துடா. அப்பறம் ஆடப் போ” என்றார். மதியம் அண்ணன் பாதம் வெடித்து, ரத்தம் கசிய வந்தான். அம்மா வேப்பெண்ணெயைச் சுடவைத்துத் தடவினாள்.

“இந்தக் காலோட ஆடப் போறியா?”

“போவலனா டீம்ல எடம் போயிடும்மா.”

ஆட்டம் நடந்த கூனிமேட்டு மணலில் அவனால் கால் ஊன்ற முடியவில்லை; கோட்டிலேயே நின்றுவிட்டான். தோற்றோம். மறுநாள் அவனுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பேர் வைத்தவர் அதே முதலாளி. இன்று குழுவில் கேள்வி போட்டவன் அவருடைய மகன்.

குழுவில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. இன்று மைக்கை அமுக்கினேன். “ஏம்பா, அன்னிக்கு காலையில அவன உப்பு வார வெச்சது யாரு? உங்கப்பாவ கேளு.”

“தமாஷுக்குப் போட்டதுண்ணே” என்று அவனிடமிருந்து பதில் வந்தது.

நான் மறுபடியும் மைக்கை அமுக்கினேன். “தமாஷா? பாதம் வெடிச்சு ரத்தம் கசியக் கசியதான்ப்பா அவன் ஆட வந்தான்.”