கோட்டைத் தொட்ட பச்சை

கொடகவெலவில் கலியாணச் சாப்பாடு முடிந்து அண்ணனுடைய ஆட்டோவில் தோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வளைவில் பொலிஸ்காரர் கையைக் காட்டினார். அண்ணன் பிரேக்கை அழுத்திய விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

"குடிச்சியாண்ணே?"

"சளிக்கு நாட்டு வைத்தியம் பாக்குற வெதமாத்தயா குடுத்த அரிஷ்டம்தான். சாமி சத்தியமா."

லைசன் போனால் ஆட்டோ ஓடாது. ஆட்டோ ஓடாவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது.

பொலிஸ்காரர் சின்னக் கண்ணாடிக் குழாயின் நுனிகளை உடைத்து, பலூனை மாட்டி, "பும்பண்ட" என்று ஊதச் சொல்லி நீட்டினார். அண்ணன் ஊதினான். உள்ளே இருந்த மஞ்சள் மணிகள் பச்சையாகிக்கொண்டே போய், குற்றமாகும் அளவைக் காட்டும் நடுக்கோட்டைத் தொட்டன.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள். அந்த மஞ்சள், அமிலத்தில் நனைத்த பொற்றாசியம் இருகுரோமேற்று. அற்ககோல் பட்டால் அதிலுள்ள குரோமியம் இலத்திரன்களைப் பறித்துக்கொள்ளும். அற்ககோல் ஒட்சியேறி அசற்றிக் அமிலமாகும், குரோமியம் பச்சையாகும். குடித்தது கசிப்புச் சாராயமா அரிஷ்டமா என்று அதற்குத் தெரியாது. என்ன எழவு, அரிஷ்டத்திலும் அற்ககோல் இருக்கத்தானே செய்கிறது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? இறங்கிப் போய்ச் சிங்களத்தில் பிடித்துக்கொண்டேன். வாயில் ஒட்டியிருக்கிற மருந்துதான் குழாயை ஏமாற்றுகிறது. கொப்பளித்து, கொஞ்ச நேரம் பொறுத்து ஊதினால் நெஞ்சுக்குள்ளிருந்து வரும் காற்று மட்டும்தான் படும், மஞ்சள் மாறாது என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி டீச்சர், அப்படியே செய்வோம். திரும்பவும் பச்சையானால் அரிஷ்டக் கதை சொல்லக் கூடாது" என்று சிங்களத்திலேயே சொன்னார். நான் தலையாட்டினேன்.

அண்ணன் கொப்பளித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். "வேணாம் தங்கச்சி, விட்டுரு. நான் எதாச்சும் பேசிச் சமாளிக்கிறேன்."

"நீ சும்மா இரு. உண்மையைச் சொல்றதுக்கு என்னா பயம்?"

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதும் புரியவில்லை, மடச்சி.

கால் மணி கழித்து இரண்டாவது குழாய் வந்தது. ஊதினான். பச்சை கிடுகிடுவென்று ஏறி அதே கோட்டில் வந்து நின்றது. வாயிலிருந்து வந்ததல்ல, இரத்தத்திலிருந்து வந்தது. அதை நானேதான் அந்த மனிதருக்கு விளக்கி முடித்திருந்தேன்.

பொய் சொன்னவன் மேல் ஆத்திரம் பொங்கியது. அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து லைசனை எடுத்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"எங்கிட்ட ஒரு பொய்தான் இருந்துச்சு தங்கச்சி. அதையும் நீ புடுங்கிட்ட."